பேனல் போய்விட்டது என்றார்கள்

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, ஒரு மளிகைக் கடையின் கொள்முதல் பில்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மானிட்டர் அணைந்தது. 20ஆம் தேதி, மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். ஏழு கடைகளின் கணக்கு என் தலையில். பட்டனை அணைத்துப் போட்டால் இரண்டு விநாடி படம் வருகிறது, பிறகு கறுப்பு. மறுபடி போட்டால் மறுபடி அதே இரண்டு விநாடி.

துப்பு கண்ணெதிரே இருந்தது. மானிட்டரின் நீல விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது. கணினியிலிருந்து சிக்னல் வராவிட்டால் என் மானிட்டரில் அது ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். ஆனால் வயிற்றில் புளி கரைந்துகொண்டிருப்பவன் விளக்கின் நிறத்தையா பார்ப்பான்? சிபியுவைத் திறந்து, ராம் என்னும் நினைவக அட்டையைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். பிளக் பாயிண்டை மாற்றினேன். நள்ளிரவு தாண்டியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை மானிட்டரைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் பிளக்கை மாட்டினார், இருட்டைப் பார்த்தார், பிளக்கைப் பிடுங்கினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பேனல் போய்விட்டது சார். மாற்ற 5,800 ஆகும். புதிதே வாங்கிவிடுங்கள்" என்றார். பேனல் என்றால் படம் காட்டும் திரைப்பலகை. முதல் இரண்டு விநாடி படம் வருகிறதே என்று கேட்டேன். "அப்படித்தான் சார் போகும்." சோதனைக் கட்டணம் 300 ரூபாய். ரசீதில் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: நோ டிஸ்பிளே. அதை நான்தானே அவரிடம் சொன்னேன்!

அன்று மாலை வேறு விஷயத்துக்காகக் கோவையிலிருந்து மைத்துனன் அழைத்தான். புலம்பினேன். "மாமா, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்" என்றான். அடித்தேன். கிணற்றின் அடியில் கிடக்கும் காசுபோல என் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரிந்தன. மவுஸை அசைத்தால் அம்புக்குறியும் அசைந்தது. பேனல் உயிரோடுதான் இருந்தது. அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை.

என்னுடையது 2011இல் வாங்கிய பழைய வகை. உள்ளே மெல்லிய குழல் விளக்குகள். அவற்றுக்குப் போகும் மின்சாரம் சரியில்லை என்றால் பாதுகாப்புச் சுற்று ஓரிரு விநாடியில் விளக்கை அணைத்துவிடும் என்று மைத்துனன் விளக்கினான். இரண்டு விநாடிக் கதை இதுதான். எல்இடி மானிட்டருக்கும் டார்ச் சோதனை பொருந்தும், ஆனால் கோளாறு எல்இடி பட்டையிலும் இருக்கலாம். டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது வேறு வழக்கு.

தாக்கலுக்கு ஹாலில் இருந்த டி.வி.யில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டினேன். இதை வெள்ளி இரவே செய்திருந்தால் கணினியில் கோளாறு இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும், ராமுக்கும் ரப்பருக்கும் வேலை இருந்திருக்காது. பலகைமேல் மவுஸை வைத்துக்கொண்டு ஏழு கணக்குகளையும் முடித்தேன். அம்மா பின்னாலிருந்து, "இந்த நாடகத்தில் ஆட்களே வரமாட்டார்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அவசரம் தீர்ந்தது, ஆத்திரம் தீரவில்லை. மானிட்டரைத் திறந்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் நான்கு திருகுகள், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். காலாவதியான ஏடிஎம் அட்டையை இடுக்கில் விட்டு நெம்ப, ஒவ்வொரு கொக்கியும் 'டக்' என்று விடும்போது என் நெஞ்சும் விட்டது. உள்ளே, மின்சாரம் வந்து சேரும் பவர் போர்டில் வரிசையாக நின்ற கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உருளைகள்) மூன்றின் தலை பூரிபோல உப்பியிருந்தது. மற்றவை நாணயம்போலத் தட்டை. தலை உப்பினால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்க்கக் கண்ணாடிகூடத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. அதே போர்டில் தடியாக, தனியாக ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும். வீட்டு 230 வோல்ட் மின்சாரம் டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஏறி அதில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. நான் ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டுத்தான் போர்டைக் கழற்றினேன், அப்போதும் ஓரத்தைப் பிடித்துத்தான். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் டார்ச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை போர்டைப் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம், பிறகு நடை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலும் இழுத்து மூடிய ஷட்டர்கள்தான் வரவேற்றன. ஞாயிறு விடுமுறை என்பது ஊரறிந்த விஷயமாம். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை கடை திறந்திருந்தது. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்ததை, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் திருப்பிப் பார்த்து, "தம்பி, இது 85 டிகிரி. சூட்டில் நிற்காது. 105 டிகிரி கேளுங்கள்" என்றார். கேட்டேன், கிடைத்தது. ஆனால் 25 வோல்ட் தீர்ந்துவிட்டது என்று 35 வோல்ட் தந்தார்கள். வோல்ட் கூடினால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது. ஆனால் அவை தடிமனாக இருந்ததால் போர்டில் பக்கத்துப் பாகத்தோடு முட்டின. மூன்றாவது கடையில் சரியான அளவு கிடைத்தது, ஆறு எண்ணம் 60 ரூபாய். சந்துக்குள் மேசை போட்டிருந்த அண்ணன் 150 ரூபாய்க்குப் பற்றவைத்துத் தந்தார். கழற்றுமுன் நான் எடுத்திருந்த படத்தைப் பார்த்து, வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம்தான் மைனஸ் என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தே வைத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டி, பட்டனை அழுத்திவிட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வரை எண்ணிய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திறந்தபோது ஒரு கொக்கி உடைந்துவிட்டது. வலது கீழ் மூலை சற்றே வாய் பிளந்திருக்கிறது, செலோடேப் ஒட்டியிருக்கிறேன். அந்த 300 ரூபாய் ரசீதை மானிட்டரின் முதுகில் ஒட்டியதும் அதே செலோடேப்தான்.