அவள் முந்திக்கொண்டு சொன்ன பதில்

மார்ச் 3
விருந்தில் அவளுடைய தோழி, "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று என்னிடம் இயல்பாகத்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "சொந்தமாகத் தொழில் செய்கிறார்" என்று அவள் முந்திக்கொண்டு சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள். அன்பினால்தான் அப்படிச் செய்தாள் என்பது தெரிந்தும், பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதை மறைக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியிருக்கிறதே என்பது நெஞ்சை அறுக்கிறது.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை.

மார்ச் 7
அவளுக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒற்று மிகுமா, மிகாதா என்ற ஐயத்தில், இன்று அவளுக்கென்று மனம் விட்டு எழுதிய ஒரு வாக்கியத்தையே அழித்துவிட்டேன்.

மார்ச் 11
எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்தேன். கருகிய வார்னிஷ் வாடை இன்னும் கையில் இருக்கிறது. பழைய சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே கனமுள்ள செம்புக்கம்பியைச் சுற்றிக் கட்டி முடிக்கும்வரை எவரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1821இல் மின்சாரத்தால் கம்பியைத் தொடர்ந்து சுழல வைத்துக் காட்டிய மைக்கேல் ஃபாரடே, 14 வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகப் போனவர், உயர்கணிதம் கல்லாதவர். இதைச் சொல்லித்தான் எல்லோரும் என்னைத் தேற்றுகிறார்கள். மேதைக்குக் காட்டும் பெருந்தன்மையை மோட்டார் கட்டுகிறவனுக்கு யார் காட்டுவார்கள்? ஆனாலும், கணித முடிவுகளை எளிய மொழியிலும் சொல்லக் கூடாதா என்று, தன்னைவிட மிக இளையவரான இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லுக்கு 1857இல் அவர் தயங்காமல் கடிதம் எழுதியதை மட்டும் மறக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 66. அவளுடைய ஆய்வு எதைப் பற்றியது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. கேட்டால் புரியாமல் போகுமோ என்ற அச்சம்.

மார்ச் 12
கேட்டேன். நள்ளிரவு தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். புரியாத இடத்தில் புரியவில்லை என்றேன். விருந்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

மார்ச் 16
தன் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வுக்கு வரச் சொல்கிறாள். அந்தத் தோழியும் அங்கே இருப்பாள். இம்முறை யார் கேட்டாலும் நானே பதில் சொல்கிறேன் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு வலிக்கக் கூடாது என்றுதான்..." என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. கேட்டவள்மீது எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னேன். அழுதாள். அதற்கு மேல் எனக்கும் பேச வரவில்லை.

மார்ச் 19
நாளை காலை தேர்வு. தூங்கச் சொன்னால் கேட்காமல், முன்னுரையை ஒருமுறை உன்னிடம் சொல்லிப் பார்க்கட்டுமா, புரியாத இடத்தில் நிறுத்து என்கிறாள்.