ஐஜிஇ எத்தனைங்க?

திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர். குழந்தைக்கு இளைப்போ அடுக்குத் தும்மலோ வந்தால் முதல் பழி பஞ்சுத் தூசி மேல்தான் விழும். அப்புறம் டாக்டர் சீட்டோடு எங்களிடம் வருவார்கள். சீட்டே இல்லாமல், "அலர்ஜி டெஸ்ட் மொத்தமா பாத்துருங்க" என்று வருபவர்களும் உண்டு.

சீட்டில் பெரும்பாலும் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளையணுவின் எண்ணிக்கையும், அலர்ஜியில் பங்கெடுக்கும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஇயின் மொத்த அளவும் இருக்கும். முதலாவதற்கு ஊதா மூடிக் குழாய். ரத்தம் விழுந்த கையோடு அதை மெதுவாக எட்டுப் பத்து முறை புரட்ட வேண்டும். பிள்ளை கதறுகிற கதறலில் அதை விட்டால் ரத்தம் கட்டி தட்டிவிடும், திரும்பக் குத்த வேண்டும். மெஷின் அதிகமாகக் காட்டினால் ஸ்லைடு போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். இரண்டாகப் பிளந்த கருவும், அதைச் சுற்றிக் கேசரிப் பொடி தூவினாற்போல ஆரஞ்சு மணிகளுமாக ஈசினோபில் தனியாகத் தெரியும். இயோசின் சாயம் பிடிப்பதை வைத்து 1879இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் அடையாளம் கண்ட ரத்த அணு இது. ஒரு மைக்ரோலிட்டரில் 500க்கு மேல் போனால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அலர்ஜி என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

ஐஜிஇ கதையும் அப்படித்தான். இஷிசாக்கா தம்பதி அமெரிக்காவிலும், ஜோஹான்சனும் பென்னிக்கும் ஸ்வீடனிலும் தனித்தனியே கண்டுபிடித்த இந்தப் புரதத்துக்கு 1968இல்தான் பெயர் உறுதியானது. அது வேலை செய்யும் இடம் ரத்தம் இல்லை. தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற, அலர்ஜியைக் கிளப்பிவிடும் அணுக்களில் ஒட்டிக்கொண்டு செய்கிறது. நாங்கள் அளப்பது அங்கே ஒட்டியது போக ரத்தத்தில் மிதக்கிற மிச்சம். அதனால் நம்பர் சரியாக இருந்தும் அலர்ஜி இருக்கலாம், எகிறிப் போயும் இல்லாமல் இருக்கலாம். வயசு வேறு இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 100 வரை சரி என்பார்கள். ஒரு வயசுக் குழந்தைக்கு அதே 100 அதிகம்.

நம் பக்கம் இந்த நம்பர்களை ஏற்றிவிடும் இன்னொரு சங்கதி, வயிற்றுப் பூச்சி. காங்கயம் பக்கமிருந்து பேரனைக் கூட்டி வந்த ஒரு ஆத்தா ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும், "ஏனுங்க, ஆயிரத்துக்கு மேல போயிருக்குதே, பையனுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்றார்.

"நம்பரப் பாத்துப் பயப்படாதீங்க ஆத்தா. பையன் செருப்புப் போட்டுத்தான் காட்டுக்குப் போவானுங்களா?"

"எங்கீங்க... செருப்பு திண்ணையிலதான் கெடக்கும்."

"டாக்டர்கிட்ட இதயுஞ் சொல்லுங்க."

அதற்கு மேல் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு ஈசினோபில், ஐஜிஇ இரண்டையுமே தூக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை கொடுக்கிற அன்றைக்கு பிள்ளை லீவு போட்டதா என்று கேட்கிற டாக்டரைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடும்.

எனக்கு எரிச்சல் வருவது ஆஃபர் போட்டு விற்கிற உணவு அலர்ஜி பேக்கேஜ்கள் மேல். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐஜிஇ. 0.35ஐத் தாண்டினால் பாசிட்டிவ் என்று அச்சாகும். உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சாப்பிட்டதும் தடிப்போ வாந்தியோ இளைப்போ வந்தால்தான் நோய். தினம் கடலை உருண்டை தின்று ஓடியாடிய பிள்ளைக்கு ரிப்போர்ட்டைப் பார்த்துக் கடலை, பால், முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டு, சில மாசத்தில் எடை குறைகிறது என்று வந்து நின்ற தாயை நான் பார்த்திருக்கிறேன். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து "ஒவ்வாத உணவு" பட்டியல் தருவது இன்னும் மோசம். அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை.

இந்த டெஸ்டுகளுக்கு வெறும் வயிறு வேண்டாம். காலையிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டி வந்தால் பிள்ளையின் சிணுங்கல்தான் கூடும். இட்லி ஊட்டி, தண்ணி குடிக்க வைத்துக் கூட்டி வாருங்கள், நரம்பு பிடிக்க எனக்கும் சுலபம். அலர்ஜிக்குக் கொடுக்கிற செட்டிரிசின் சிரப்பையும் நிறுத்த வேண்டியதில்லை. அது தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்குத்தான் இடைஞ்சல். ஆனால் இளைப்புக்கு ஸ்டீராய்டு சிரப் போய்க்கொண்டிருந்தால் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது ஈசினோபிலை அமுக்கிவிடும். சீட்டின் ஓரத்தில் நான் அதை எழுதித்தான் அனுப்புவேன்.