ரேலே பிரபு தோற்ற கதை

மண்டபத்துப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வடக்கே பெண் கடல் என்கிற பாக் நீரிணை, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. ஒன்று பச்சை, மற்றது நீலம். ஏன் அப்படி என்று கேட்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுபதுகளின் கடைசியில் பௌதிகம் எடுக்க வந்த சார்தான் கேட்டார். (பெயரை எழுதவில்லை. இந்தச் சிறப்பு மலரில் தன் பெயரைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார்.)

"கடலில் வானம் தெரிகிறது சார்" என்று வகுப்பே கத்தியது.

"நல்ல பதில். இதே பதிலைச் சொன்னவர் நோபல் பரிசு வாங்கியவர்" என்றார். பரிசு ஆர்கான் வாயுவுக்காகக் கிடைத்தது என்பதைப் பிறகுதான் சொன்னார். அந்தப் பெரிய மனிதர் ரேலே பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கியவரே அவர்தான். அப்படிப்பட்டவர் ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிம்பமே என்று எழுதினால் யார் மறுப்பார்கள்?

1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பில் இங்கிலாந்து போய்விட்டு நர்குந்தா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. இராமன் மறுத்தார். "வானத்தின் பிம்பத்தைத் துடைத்துவிட்டுக் கடலை மட்டும் பார்க்க வழி உண்டா?" என்று எங்களிடம் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் சார் போய்விட்டார். அன்று இரவு வீட்டில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கப்போய், "துடைப்பதற்கு அது என்ன கண்ணாடியா?" என்று அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

மறுநாள் சார் எங்களைத் தோணித்துறைக்குக் கூட்டிப்போனார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்று அவர் கையில் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, சற்றுத் தள்ளிச் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குக் கூசும் மினுமினுப்புதான். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்ததும் மினுமினுப்பு அணைந்து, அடியில் கடற்புல்லும் அதற்குள் ஓரா மீன் குஞ்சுகளும் தெரிந்தன. கண்ணாடியைக் கால் வட்டம் திருப்பினால் மறுபடியும் மினுமினுப்பு. தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி, குறிப்பிட்ட கோணத்தில் ஒரே தளத்தில் அதிர்கிறது. அதை மட்டும் தடுத்துவிடலாம். இராமன் கப்பலில் நிக்கோல் பட்டகம் என்ற படிகத் துண்டை வைத்துச் செய்தது இதைத்தான். பிம்பம் போனது, நீலம் போகவில்லை. இன்னும் அடர்ந்தது.

சார் அங்கேயும் நிறுத்தவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியை, அதிலும் நீலத்தை அதிகமாக, சிதறடிக்கின்றன என்று இராமன் சொன்னது சரி. ஆனால் தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதற்கும் அந்த நீலத்தில் பெரும்பங்கு உண்டு என்றார். நம் பெண் கடல் ஆழமில்லாதது, வண்டலும் நுண்பாசியும் கலந்தது, அதனால் பச்சை. சிதறலைத் துரத்திப்போன வழியில்தான், சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்ற இராமன் விளைவு 1928இல் அகப்பட்டது. அந்த ஆய்வில் கூட நின்ற கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அன்றைக்கு அதுவும் நம் இராமநாதபுரம் மாவட்டம்தான் என்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

காற்றழுத்தத்தையும் இப்படியே நடத்தினார். உறிஞ்சு பம்பு பத்து மீட்டருக்கு மேல் ஏன் தண்ணீரை ஏற்றாது என்பதில் தொடங்கி, உயரே போனால் காற்றழுத்தம் குறைகிறதா என்று பார்க்க 1648இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் மைத்துனர் பெரியர் பாதரசக் குழாயோடு மலையேறியது வழியாக, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவது வரை வந்து சேர்ந்தார். தனுஷ்கோடி அழிந்த 1964ஆம் ஆண்டுப் புயலை அறியாத வீடு எங்கள் பக்கம் இல்லை. அழுத்தம் குறைவது என்றால் என்ன என்று அன்று யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது கைப்பேசியில் வரும் அறிவியல் துணுக்குகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு மேதை, ஒரு ஆப்பிள், உடனே ஒரு கண்டுபிடிப்பு. படிக்கச் சுவைதான், ஆனால் மேதைக்கு முன்னால் மற்றவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தது நியாயம் என்பது ஒன்றில்கூட இல்லை. அது இல்லாமல் எதை எதிர்த்து அவர் யோசித்தார்? சார் கதையில் தோற்றவருக்கும் மரியாதை இருந்தது. ரேலே சொன்னதையே நாங்களும் சொன்னதால், அவர் தோற்றபோது எங்களுக்கும் கொஞ்சம் ரோஷம் வந்தது.

அடுத்த மலரில் அறிவியல் பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டிருக்கிறது. பெரியரின் மலையேற்றத்தைத் தருகிறேன். அரைப் பக்கத்தில் முடிக்க வேண்டும் என்றால் மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.