வார்த்தை நோட்டு

மதுரையில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ்ஸாக எனக்கு இது 14-வது ஜூன். பள்ளி திறக்கிற அன்று காலை எட்டரை மணிக்குக் கேட் பக்கம் எழும் அழுகை எனக்குப் பழகிவிட்டது. இன்னும் பழகாதது ஒன்று உண்டு. பிள்ளை பொம்மையில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து அம்மா நைசாக நழுவிப் போவது. 'டாட்டா' சொல்லிவிட்டுப் போன அம்மாவுக்காக அழும் பிள்ளை எப்படியும் ஒரு கட்டத்தில் ஓயும். நழுவிப் போன அம்மாவைத் தேடும் பிள்ளை மறுநாள் அந்தப் பொம்மையின் பக்கமே போகாது.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு பிள்ளையைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் வந்தாள். ஏ முதல் இசட் வரை ஒரே மூச்சில் சொல்வாள், நூறு வரை எண்ணுவாள், ஆத்திசூடியில் பாதி மனப்பாடம். "எல்லாம் ரெடி பண்ணித்தான் கொண்டு வந்திருக்கோம் மிஸ்" என்றார் அவள் அப்பா. உண்மையில் எனக்கே மலைப்பாக இருந்தது.

முதல் நாள் பதினொரு மணிக்கு அவள் என் சேலையைப் பிடித்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். பந்தைக் கேட்கிறாளோ என்று எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது முறை சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டியிருந்தது. அப்புறம் பாவாடை நனைந்தது, பாயும் நனைந்தது.

துடைக்க வந்த ஆயாம்மாதான் தலையில் அடித்துக்கொண்டார். "அது பாத்ரூம் போணும்னுல்ல கேக்குது மிஸ்!" அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மதுரையில் எத்தனை தெருக்களில் ஒலிக்கும் பாஷை அது! நான் நெல்லைக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். ஆயாம்மா அந்தத் தெருக்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். அன்று என் டீச்சர் டிரெயினிங் சான்றிதழைவிட அவர் காதுதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. 'காய்ச்சல்' என்றார்கள். எதனால் என்று எனக்குத் தெரியும்.

அதிலிருந்து மே மாதம் சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "வீட்ல ஒண்ணுக்கு வந்தா பிள்ளை என்ன சொல்லும்?" அப்பாக்கள் நெளிவார்கள். அம்மாக்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். உச்சா, மூச்சா, சூச்சூ என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு பையன் எதுவும் சொல்ல மாட்டானாம், ஒற்றைக் காலில் நிற்பானாம். அதையும் எழுதிக்கொண்டேன்.

'இன்னும் எழுத வரலையே' என்று கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் மறுநாளே பென்சிலைத் திணித்தால் எப்படி? மணிக்கட்டில் உள்ள 8 சின்ன எலும்புகளில் மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்றோ நான்கோதான் எலும்பாகியிருக்கும், மற்றவை இன்னும் குருத்துதான். போதாததற்கு, ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்தால் சேர்க்கலாம் என்பது எங்கள் பள்ளிக் கணக்கு. ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் அதற்கடுத்த ஜூலையில் பிறந்த பிள்ளையும் ஒரே பாயில் உட்காரும். நமக்கு ஒரு வருஷம் பெரிதில்லை. அவர்களுக்கு அது இதுவரை வாழ்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

சாப்பாட்டு மணி அடித்ததும் பார்க்க வேண்டும். இருபது டிபன் பாக்ஸ், நாலு பக்கமும் கிளிப் போட்டது. இருபது ஜோடிக் கண்ணும் என் கையையே பார்க்கும். கார்ட்டூன் படம் போட்ட விலையுயர்ந்த டப்பாவை அதன் சொந்தக்காரரால் திறக்க முடியாது. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பட்டன் மாட்டவும் கொக்கி போடவும் முடிச்சுப் போடவும் பிள்ளைகள் பழகுவதற்கென்றே மரச்சட்டத்தில் துணி கட்டித் தருவது அவருடைய முறை. எங்கள் பள்ளியில் அதெல்லாம் வாங்க வசதியில்லை. பழைய சட்டை ஒன்றை அட்டையில் தைத்து வைத்திருக்கிறோம். வீட்டில் அதுகூட வேண்டாம். ஒரு வாரம் பிள்ளை அந்த டிபன் பாக்ஸிலேயே, தானே திறந்து சாப்பிட்டால் போதும். சிந்தும். சிந்தட்டுமே.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். "இரு, மிஸ்கிட்ட சொல்றேன்", "ஸ்கூல்ல போட்டாத்தான் நீ சரிப்படுவ" என்று கோடை முழுக்கப் பயமுறுத்திவிட்டு, ஜூன் மாதம் என்னைக் காட்டி "மிஸ் நல்லவங்க, போ" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? வீட்டில் என்னைப் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது பிள்ளை என்னைப் பார்க்கும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

போன ஜூனில் ஒரு தாத்தா பேரனைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மே மாதம் என்னை வந்து பார்க்கவில்லை. கேட்டருகே வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். பெரியவர் இருபுறமும் பார்த்துவிட்டு, நோட்டுப் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி அந்த வார்த்தையைச் சொன்னார். "சரியா எழுதிக்கங்கம்மா" என்று என் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.