சுருளியின் எச்சில்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் பூனை சுருளிக்கு ஜொள்ளு புதிதல்ல. மடியில் ஏறி, முன்கால்களால் மாவு பிசைவதுபோல் பிசைந்து, குர்ர்ரென்று சுருதி கூட்டினால் உதட்டோரம் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். குட்டியாக வந்த நாளிலிருந்தே இப்படித்தான். மடியை விட்டு இறங்கினால் நின்றுவிடும். அதை நாங்கள் பொருட்படுத்தியதே இல்லை.

இன்று பார்த்தது வேறு ரகம். யார் மடியிலும் இல்லை, சோபாவில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து போன இடத்தில் பழுப்பு நிற ஈரத் திட்டு. தாடையில் இடப்பக்கம் மட்டும் ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. இடது முன்காலின் உள்பக்கமும் அப்படியே பிசுபிசுத்துக் கிடந்தது. வாயை அந்தக் காலால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான் போல. கிட்டப் போனால் வாடை.

ஜூன் 4, புதன்

காலையில் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவனையே கவனித்தேன். ஓடி வந்தான், மோந்தான், உலர் தீனியில் ஒன்றைக் கவ்வி, தலையை வலப்பக்கம் சாய்த்துக் கடித்தான். உடனே அதைத் துப்பிவிட்டுப் பின்வாங்கி, தட்டைப் பார்த்துச் சீறினான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தான். வேகவைத்த சங்கரா மீனை முள் எடுத்துப் பிசைந்து வைத்ததும் நக்கியே காலி செய்தான்.

அம்மாவின் தீர்ப்பு: “பல்லி கில்லியைக் கவ்வியிருக்கும்டி. சரியாயிடும்.”

அம்மா சொல்வது முழுக்கத் தப்பில்லை. பல்லியையோ தேரையையோ கவ்விய பூனைக்கு எச்சில் கொட்டும்தான். ஆனால் அது திடீரென்று நுரையும் நூலுமாக வரும். இது ஒரு பக்கமாக, மெதுவாகக் கசிகிறது. ஆனாலும் பால்கனி மணி பிளாண்ட்டை ஓர் இலை விடாமல் பார்த்தேன். அதைக் கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயில் குத்தி எரிச்சலெடுக்கும். கடிபட்ட தடம் எதுவும் இல்லை. தையல் டப்பாவையும் அம்மாவிடம் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நூல் நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போயிருக்கும் பூனைகள் உண்டு. வெளியே தெரியும் நுனியைப் பிடித்து இழுத்தால் குடலே அறுபடலாம். நல்லவேளை, ஊசிகள் எல்லாம் கணக்காக இருந்தன.

ஜூன் 5, வியாழன்

டாக்டரிடம் போனில் பேசினேன். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தவர், பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொள்பவர். இன்று மட்டும் கேள்வி மேல் கேள்வி. எச்சிலில் ரத்தம் இருக்கிறதா? வாந்தி? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறானா? புதிதாக ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறதா, எப்போது?

“சாப்பாட்டுகிட்ட வரானா, இல்ல வரவே மாட்டேங்கிறானா?” என்று கேட்டார். வருகிறான், ஆனால் கடிக்க முடியவில்லை என்றேன். “அப்போ வாய்லதான் ஏதோ இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.” வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கியபடி எச்சில் விட்டால் அது பெரும்பாலும் குமட்டல்தானாம். அப்போது வயிறு, ஈரல், சிறுநீரகம் என்று தேட வேண்டியிருக்கும். ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாத பூனையை மறுநாள்வரை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். குண்டுப் பூனை என்றால் பட்டினியில் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே தனி வியாதியாகிவிடும்.

ரேபிஸ் கேள்வி எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது. சுருளிக்கு வருடா வருடம் ஊசி உண்டு, வெளியே போவதும் இல்லை. ஆனால் தெருப்பூனை ஒன்று எச்சில் ஒழுக, குணம் மாறி, தள்ளாடிக்கொண்டு திரிந்தால் பாவம் பார்த்து வாயைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

ஆட்டோவில் வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் கூடை முழுக்க ஈரம். இரண்டு பக்கமும் தெளிந்த தண்ணீராக ஒழுகியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இது பயத்துல வந்தது. வீட்டுல எப்படி இருந்துச்சு?” என்றார். போனில் எடுத்திருந்த வீடியோவையும் சோபா உறைப் படத்தையும் காட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் இடது மேலுதட்டைத் தூக்கினார். பின்பற்களில் மஞ்சள் காரை. அவர் காட்டியது கீழே, கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் முதல் கடைவாய்ப்பல்லை. ஈறு அந்தப் பல்லின் மேல் ஏறி, அரிசியளவு சிவந்த சதையாக அதில் உட்கார்ந்திருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாகத் தொட்டதும் சுருளியின் கீழ்த்தாடை கடகடவென்று ஆடியது. நமக்குக் குளிரில் பல் அடிப்பதுண்டு. இது வலியில் அடிப்பது. எனக்கே பல் கூசியது.

நமக்கு வரும் சொத்தைப்பல் அல்ல இது. கிருமி வெளியிலிருந்து குடைவதில்லை, பூனையின் சொந்த உயிரணுக்களே பல்லைக் கரைக்கின்றன. ஏன் என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நடுவயது தாண்டிய பூனைகளுக்கு இது சாதாரணமாக வருமாம், அதிலும் அடிக்கடி மாட்டுவது இந்தப் பல்தான். அடைத்தால் நிற்காது, எடுத்தாக வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பற்கள் 30. ஒன்றிரண்டு போனாலும் குறையில்லை, நம்மைப்போல அது மென்று தின்பதில்லையே.

நாக்கு, அண்ணம், தொண்டைப் பக்கம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கில் புண் இருந்தால் சளிக்காய்ச்சல் தரும் கலிசி வைரஸோ, சிறுநீரகக் கோளாறோ காரணமாக இருக்கலாம். வயதான பூனைக்கு நாக்கடியில் கட்டி வருவதும் உண்டு. எதுவும் இல்லை. ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். வலிக்கு ஓர் ஊசி.

“வீட்டுல இருக்கிற பாராசிட்டமால் எதையும் குடுத்துடாதீங்கம்மா,” என்று வாசல்வரை வந்து சொன்னார். பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரை வாங்கிவிடும்.

ஜூன் 7, சனி

ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கலாம். பல் எடுக்கப் புதன்கிழமை தேதி.

ஜூன் 9, திங்கள்

இரவு பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அவர்கள் பூனை நுரை தள்ளுகிறதாம், உங்களுக்கு அனுபவம் இருக்கிறதே, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தால் சுருளியின் எச்சிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காது துடிக்கிறது, முதுகுத்தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குகிறது, நிற்க முடியாமல் பின்கால் நடுங்குகிறது.

“இன்னிக்கு ஏதாவது மருந்து போட்டீங்களாக்கா?”

“உண்ணிக்குச் சொட்டு மருந்து. நாய்க்கு வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு.”

டப்பாவைத் திருப்பினால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய் தாங்கும், பூனையின் ஈரலுக்கு அதைச் சிதைக்கும் வசதி போதாது. டாக்டருக்குப் போன் போட்டோம். நடுக்கம் வலிப்பாக மாறாமல் இருந்தால் மட்டும் மருந்து பட்ட இடத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுச் சட்டென்று அலசி, துடைத்து, துணியில் சுற்றி எடுத்து வரச் சொன்னார். டப்பாவும் கூட வர வேண்டும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத்தண்ணீர், பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

இரவோடு இரவாக நடுக்கத்துக்கு ஊசி ஏறியது. காலை வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று விடியற்காலையில் அக்கா செய்தி அனுப்பினார். அப்புறம்தான் தூங்கினேன்.

எச்சிலோடு நடுக்கம், தள்ளாட்டம், முகவீக்கம், ஈறு வெளுப்பது அல்லது பழுப்பாவது இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் மணி பார்க்காமல் கிளம்ப வேண்டியதுதான். வாயைத் திறந்து மூச்சு இளைத்தாலும் அப்படியே. நாய்க்கு அது வழக்கம், பூனைக்கு அது ஆபத்து. சென்னை வெயிலில் பூட்டிய அறையில் மாட்டிக்கொண்ட பூனைக்கு இப்படி ஆகும்.

ஜூன் 11, புதன்

எக்ஸ்ரேயில் அந்தப் பல்லின் ஒரு வேர் பாதி கரைந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். காரையையும் சுத்தம் செய்தார்கள். மாலையில் வீடு. மயக்கம் முழுதாகத் தெளியாத கண்ணோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

ஆன்டிபயாடிக் சிரப் உள்ளே போன மறுநிமிடம் வாயெல்லாம் வெள்ளை நுரை, தரையெல்லாம் நூல். அம்மா அலறிவிட்டார். இது கசப்புக்கு வரும் நுரை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மருந்து கொடுத்த கையோடு ஒரு ஸ்பூன் மீன்தண்ணீர் நக்கக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் அடங்குகிறது. உப்பு, மஞ்சள் போடாதது.

ஜூன் 16, திங்கள்

மறுபரிசோதனை. ஈறு கூடிவருகிறது. சோபா உறை காய்ந்தே இருக்கிறது. உலர் தீனியை இடப்பக்கமும் கடிக்கிறான். வலது கீழ்ப்பல்லின் ஓரத்திலும் ஒரு சின்னச் சிவப்பு தெரிகிறதாம். ஒரு பல்லில் வந்தால் இன்னொன்றில் வர வாய்ப்பு அதிகம். டிசம்பரில் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவும் கூடவே வந்து, பூனைக்கென்றே விற்கும் உண்ணி மருந்தை எழுதி வாங்கிக்கொண்டார்.