கடலைத் தோல்

"மீட்டிங்ல கடலை குடுத்தாங்களாம்மா?" என்று மாமியார் கேட்டது கேலியா, வெறும் விசாரிப்பா என்பதை ஆறு மாதமாகியும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கேட்டபடியே என் தோளில் ஒட்டியிருந்த சிவப்புத் தோல் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, சன்னலுக்கு வெளியே ஊதிவிட்டார். "ஆமாம் அத்தை" என்றேன்.

அன்று மீட்டிங் எதுவும் இல்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயிலேறிக் கடற்கரை நிலையம் வரை போய், இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வந்திருந்தேன். தினத்தொடருக்கு வசனம் எழுதுகிறவள் நான். வாரத்துக்கு 6 எபிசோட். விளம்பரம் போக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 நிமிடப் பேச்சு. 'மாமியாருக்கும் மருமகளுக்கும் மோதல்' என்று ஒன்லைனில் ஒரு வரி வரும். அதை மூன்று பக்க சீன் பேப்பராக்கி, நடிகைகள் மேக்கப் முடித்து வருவதற்குள் ஸ்பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும்.

மேசையில் எனக்குப் பத்து நிமிடம் இருப்புக்கொள்ளாது. குக்கரை எட்டிப் பார்ப்பேன், துணி மடிப்பேன், மகனின் கணக்கு நோட்டைப் புரட்டுவேன். ரயிலில்தான் மனம் உட்காரும். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் கறுப்பாகக் கூடவே வரும்போது ஒரு பாத்திரம் பேசத் தொடங்கினால், சேப்பாக்கம் மைதானத்தைக் கடக்கையில் மற்றொன்று பதில் சொல்லிவிடும். நான்காவது ரயில் பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திய ரயிலை 2024 அக்டோபரில்தான் மறுபடி கடற்கரை வரை விட்டார்கள். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் எழுதிய சண்டைகளெல்லாம் பாதியில் அறுந்தவை என்றே இன்றும் நம்புகிறேன். (சோம்பலுக்கு நானே கட்டிக்கொண்ட கதையாகவும் இருக்கலாம்.)

ஆகவே ரயிலில் போவதும் வேலைதான், 'மீட்டிங்' என்றது முழுப் பொய்யல்ல என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதம் நிற்கவில்லை. ஏனென்றால் அன்று ஒரு வரிகூட வரவில்லை. வர வேண்டுமென்று நான் நினைக்கவும் இல்லை. பொட்டலத்துக் கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத் தின்றுகொண்டு, மொட்டை மாடிகளில் காயும் துணிகளைப் பார்த்தபடி, மிகச் சந்தோஷமாக இருந்தேன். ஞாயிறு காலையில் என் கணவர் கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு "விளையாடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். "சும்மா போயிட்டு வரேன்" என்று நானும் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். தடுத்திருந்தால்கூட என் பொய்க்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். ஆனால் மாதத்தில் இருபத்தைந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவள், மிஞ்சிய பொழுதையும் வெளியில் கழித்துவிட்டு வருகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இரண்டு வாரம் கழித்து அத்தையின் அந்தக் கடலைக் கேள்வியை அப்படியே தொடரின் மாமியாருக்குக் கொடுத்தேன். "மேடம், இந்தம்மா நல்லவங்களா கெட்டவங்களான்னே புரியலையே" என்று ஸ்பாட்டிலிருந்து இயக்குநர் அழைத்தார். எனக்கும் புரியவில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? ஐந்து நிமிடத்தில் அதை ஒரு சீறலாக மாற்றி அனுப்பினேன்.

அது ஒளிபரப்பான இரவு என் மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒரு கடலைக்கா இவ்வளவு கோபம்?"