இரண்டாவது கிளவுடு வாங்கினால் மட்டும் போதாது

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுடு (வாடகை சர்வர் சேவை) சந்தா தவறுதலாக நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் பிரதி இருந்தது. நீக்கம் இரண்டையும் கொண்டுபோனது. மீட்கக் கைகொடுத்தவற்றில் வேறொரு நிறுவனத்திடம் இருந்த பேக்கப்பும் ஒன்று. பிரதி எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எனவே வேறு நிறுவனத்தின் கிளவுடு ஒன்றும் வேண்டும். ஆனால் உங்கள் சேவையின் ஒரு பாதியை இங்கும் மறுபாதியை அங்கும் வைக்காதீர்கள். ஒவ்வொரு கிளவுடும் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்றால், இரண்டையும் நம்பியிருக்கும் சேவைக்குக் கிடைப்பது சுமார் 99.8 தான். சிறிய குழுவுக்கு ஒன்று முதன்மை, அது விழுந்தால் பொறுப்பேற்க மற்றது தயார்நிலை என்பதே சரி.

சிக்கல் அதிகம் டேட்டாபேஸில்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் அசின்க் ரெப்ளிகேஷன் (பதிலுக்குக் காத்திராமல் பிரதியெடுத்தல்) வையுங்கள். சின்க் வைத்தால் ஒவ்வொரு கமிட்டும் (எழுதியதை உறுதிசெய்தல்) அடுத்த கிளவுடின் பதிலுக்காகக் காத்திருக்கும். அசின்க்கின் விலையாக, கடைசிச் சில நொடித் தரவு போகலாம். ரெப்ளிகேஷன் ஸ்லாட்டைக் கவனியுங்கள்; பிரதி எதுவரை வாங்கியது என்று குறித்துவைப்பது அது. இரண்டு கிளவுடுக்கும் இடையிலுள்ள விபிஎன் (தனி இணைப்பு) அறுந்தால் முதன்மை சர்வர் வால் (WAL, மாற்றங்களின் பதிவேடு) கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும்; டிஸ்க் நிரம்பி நன்றாக இருந்த சர்வரும் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 13 முதல் இதற்கு வரம்பிட 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' (max_slot_wal_keep_size) என்ற அமைப்பு இருக்கிறது, இயல்பில் வரம்பே கிடையாது. டிஸ்கில் 30 ஜிபி காலி என்றால் 20 ஜிபி வையுங்கள். வரம்பு தாண்டினால் தயார்நிலைப் பிரதியை மறுபடி உருவாக்க வேண்டிவரும். முதன்மை சாவதற்கு அது எவ்வளவோ மேல்.

இரண்டே இடங்களை வைத்து, முதன்மையைத் தானாக மாற்றும் ஏற்பாடு செய்யாதீர்கள். இணைப்பு மட்டும் அறுந்தாலும் இரண்டும் தன்னையே முதன்மை என்று நினைத்து எழுதத் தொடங்கும். எது முதன்மை என்று சொல்ல மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி சர்வர் வேண்டும், அல்லது மனிதர் முடிவெடுக்க வேண்டும். பழைய முதன்மையை எழுதவிடாமல் பூட்டிய பிறகே புதியதை உயர்த்துங்கள்.

டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வர் முகவரியாக மாற்றும் சேவை) இரண்டு கிளவுடுக்கும் வெளியே இருக்கட்டும், டிடிஎல் (அந்த முகவரியை நினைவில் வைக்கும் நேரம்) 60 நொடி. அதை மதிக்காத கிளையண்டுகளும் உண்டு; பழைய முகவரிக்குச் சிறிது நேரம் ஆள் வந்துகொண்டுதான் இருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் (இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் அமைப்பு) சான்றிதழை எச்டிடிபி வழியாகப் புதுப்பித்தால் தயார்நிலை சர்வரில் அது தோற்கும், ஏனென்றால் டொமைன் முதன்மையைக் காட்டுகிறது. டிஎன்எஸ் பதிவைக் கொண்டு டொமைனைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்-01 முறைக்கு மாற்றுங்கள்.

கண்டெய்னர் இமேஜ்களும் (செயலியின் தயார்ப் பொதிகள்) ரகசியச் சாவிகளும் முதல் கிளவுடில் மட்டும் இருந்தால் இரண்டாவதில் ஒன்றும் எழும்பாது. புதுக் கணக்குகளில் விஎம் (மெய்நிகர் சர்வர்) கோட்டா குறைவாக இருக்கும். முழுச் சுமைக்கு வேண்டியதை இப்போதே கேட்டு வாங்குங்கள். அவசர நாளில், அதே கோரிக்கையோடு பலரும் வரிசையில் நிற்பார்கள்.